லரேடோ பாலத்தில் அன்ரன் சொன்ன பதில்

அன்ரன் இறந்த செய்தி எங்கள் மோட்டார் சைக்கிள் குழுவின் வாட்ஸப்பில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பிளானோ அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தேன். மாரடைப்பு. வயது ஐம்பத்தெட்டு. படித்து முடிப்பதற்குள் கூப்பிய கைகள் வரிசையாக விழத் தொடங்கிவிட்டன. நான் எதுவும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் மனைவி ஜசிந்தா அக்கா கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டுமாம். அவரோடு மெக்சிகோ போனவன் நான் ஒருவன்தானே என்றார். என்னால் அவரைப் பற்றி நல்லதாக எழுத முடியாது என்று சொன்னேன். "நல்லதா எழுதச் சொல்லி நான் கேக்கேல்லைத் தம்பி. நடந்ததை எழுதுங்கோ. இருபத்தெட்டு வருசம் அவரோட இருந்தனான். எனக்கும் அவரைத் தெரியும்," என்றார். அந்த அனுமதியின் பேரில்தான் எழுதுகிறேன்.

நியாயமாக முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டெக்சஸில் பனி உறைந்து மின்சாரம் போன அந்தப் பிப்ரவரியில், இர்விங் அபார்ட்மென்டில் நாற்பது நாள் குழந்தையோடு நானும் மனைவியும் நடுங்கிக்கொண்டிருந்தோம். ஊருக்குப் புதியவர்கள், யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஒரு தமிழ் நிகழ்ச்சியில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்த அன்ரன், கண்ணாடியாய்க் கிடந்த சாலையில் பிக்கப் ஓட்டி வந்து, எங்கள் மூவரையும் பிளானோவில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே விறகு எரியும் அடுப்பு இருந்தது. நான்கு நாள் தங்கினோம். அதற்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சமல்ல. அதனால்தான் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நம்பினேன்.

எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு முடிந்த முடிவு இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு எத்தனையோ நாடுகளைக் கடந்து வந்தவர் என்பதால், எல்லைகள் விஷயத்தில் அவரை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. "பயந்த முகத்தைத்தான் மறிப்பாங்கள்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். மெக்சிகோ பயணத்துக்கு முன், புதுக் கம்பெனி வாங்கித் தந்த விசா அனுமதிக் கடிதத்தைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா பழைய கம்பெனியின் பெயரில் இருந்தது. "ஒரிஜினலை ஏன் காவிக்கொண்டு வாறீர்? துலைஞ்சால் கரைச்சல். போனில படம் இருந்தால் காணும்," என்றார். கடிதத்தை வீட்டு அலமாரியிலேயே விட்டேன்.

ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் மான்டெரே நகரம் வரை போவதாகத் திட்டம். லரேடோவில் எல்லை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மெக்சிகோவுக்குள் நுழைந்ததுமே அது முடிந்துபோயிற்று. எல்லை நகரத்துக்கு அப்பால் வண்டியை ஓட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அன்ரனின் வண்டியோ ஜசிந்தா அக்கா பெயரில் பதிவாகியிருந்தது. அக்காவின் சம்மதக் கடிதம் அவரிடம் இல்லை. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் சண்டை போட்டார். மேசையைத் தட்டினார். அந்தப் பெண் அசையவில்லை. வெளியே வந்து, நான் காலையில் நிதானமாகச் சாப்பிட்டதால்தான் எல்லாம் கெட்டது என்றார். மதியமே திரும்பினோம்.

ஜூலை வெயில். பாலத்தின் மேல் வண்டிகள் எறும்பாய் நகர்ந்தன. பாதிப் பாலத்தில் என் வண்டியின் கிளட்ச் கேபிள் அறுந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். கைப்பிடியில் மாட்டியிருந்த போன் சூட்டில் அணைந்து கிடந்தது. முன்னால் இருந்த அன்ரன் ஒரே ஒரு தடவை திரும்பி, "கெதியா வாரும்," என்றார்.

என் எஞ்சின் ஓடியிருந்தால் அடுத்தது என் காதில் விழுந்திருக்காது. பாலத்தின் அமெரிக்கப் பக்கச் சாவடியில் அன்ரனின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, பின்னால் வியர்த்து நின்ற என்னைக் காட்டி, ஒன்றாக வந்தீர்களா என்று கேட்டார்.

"நோ சார். ஐ டோன்ட் நோ ஹிம்."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். 

புதுக் கம்பெனியின் கடிதம் எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். கடிதம் வீட்டில், படம் அணைந்த போனுக்குள். அந்தப் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே உட்கார வைத்தார்கள். யாரோடு போனாய் என்றதும் அன்ரன் பெயரைச் சொன்னேன். அவர் உன்னைத் தெரியாது என்கிறாரே, நீ ஏன் பொய் சொல்கிறாய் என்றார்கள். அரை மணியில் முடிந்திருக்க வேண்டிய விசாரணை ஆறு மணி நேரம் நீண்டது. பைகளைக் கொட்டினார்கள். வண்டியின் இருக்கையைக் கழற்றினார்கள். ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் வந்து கேட்டார்கள். வேலை, வீடு, மனைவி, குழந்தை எல்லாம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் போய்விட்டதாகவே நினைத்தேன். கம்பெனி வக்கீல் கடிதத்தின் நகலை அனுப்பிய பிறகு விட்டார்கள். வெளியே வந்து பார்த்தேன். அன்ரன் இல்லை. வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் போன் செய்தார். "வந்து சேர்ந்தீரோ?" என்றார். வைத்துவிட்டேன். அவர் மறுபடி அழைக்கவில்லை.

அதையாவது பொறுத்திருப்பேன். அடுத்த பொங்கல் விழாவில், பள்ளி மண்டபத்தில், நான் நான்கு நாற்காலி தள்ளி இருக்கும்போதே, அவர் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். இவர் பேப்பரே இல்லாமல் மெக்சிகோ வந்த ஆள் என்று என்னைக் காட்டினார். நீங்கள் சிரித்தீர்கள். இந்த மலரைப் படிக்கும் பலர் அந்த மேசையில் இருந்தீர்கள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்று வருடம் அவரோடு பேசவில்லை. நீங்கள் கேட்ட கதையில் அந்தப் பதில் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மலருக்குக் கேட்ட அன்று அக்கா இன்னொன்றும் சொன்னார். லரேடோவிலிருந்து வந்த அன்ரன் கராஜிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். "அந்தப் பெடியனைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்," என்றாராம். இருபத்திரண்டு வயதில், ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தில், இவன் உன் ஆளா என்று கேட்டபோது நண்பனுக்காக ஆம் என்றவர் அவர். நண்பனின் பாஸ்போர்ட் கள்ளப் பாஸ்போர்ட். இருவரும் பதினொரு மாதம் சிறையில் இருந்தார்கள். "அதுக்குப் பிறகு சீருடையைக் கண்டால் அவற்ற வாய் தானாத் தெரியாது எண்டு சொல்லிப்போடும் தம்பி. ஆனா உங்களிட்ட வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேணும். நானும் சொன்னனான். அவர் கேக்கேல்லை," என்றார் அக்கா.

பயந்த முகம் எது என்று எனக்கு இப்போது தெரியும். அவருடைய பயம் புரிகிறது. பொங்கல் மேசையில் என்னைக் காட்டிச் சிரித்தது புரியவில்லை. அங்கே சீருடை எதுவும் இல்லை.

அன்ரனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கோபம். அவர் போய்விட்டார் என்பதற்காக அதற்கு மன்னிப்பு என்று பெயர் மாற்றி இந்த மலரில் வைக்க மாட்டேன். அது என்னோடு இருக்கட்டும். ஆனால் யாராவது அவர் படத்தைக் காட்டி இவரைத் தெரியுமா என்று கேட்டால், தெரியும், ஒன்றாகத்தான் போனோம் என்றுதான் சொல்வேன்.