பின்னந்தொடையில் கேட்ட சத்தம்

குனோங் ராபாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஆண்டுக்கு ஒருமுறை குடும்ப விளையாட்டுப் போட்டி நடக்கும். அதில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களுக்கு நூறு மீட்டர் ஓட்டம் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் வயதுக்காரர்களின் நிதானத்தில் அவருக்கு அபார நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் நான் பெரிய ஓட்டக்காரன் என்று வீட்டில் பலமுறை சொல்லி வைத்திருந்ததால், பெயர் கொடுக்காமல் தப்பிக்க முடியவில்லை.

"கடைசியா எப்பங்க ஓடுனீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஓடுறதெல்லாம் மறந்துபோகுமா?"

"உங்களுக்கு மறக்காது. காலுக்கு?"

ஓடியவர்கள் நான்கு பேர். அறுபது மீட்டரில் நான் மூன்றாவது. எனக்கு முன்னால் முனை வீட்டுக்காரர், தன் தொந்தியை இரு கைகளாலும் தாங்கியபடி ஓடினார். அவரிடம் தோற்பது நியாயமில்லை என்று காலை எட்டிப் போட்டேன். வலது பின்னந்தொடையில் 'டப்'பென்று ஒரு சத்தம். யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்புறம்தான் விழுந்தேன். கூட்டம் கை தட்டியது.

முதலில் ஓடி வந்தவன் என் மைத்துனன். வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போவதால் எங்கள் குடும்பத்தின் எலும்பு மருத்துவர் அவன்தான். தொடையில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். நான் அலறியதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினான்.

"நரம்பு சுருட்டிக்கிச்சு மச்சான்."

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தசை கிடையாது. கழுத்து வலியா, நரம்பு. இடுப்பு வலியா, அதுவும் நரம்பு.

கிளினிக் டாக்டர் தசை கிழிந்திருப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் ஓய்வு, பிறகு வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்றார். 'ஓய்வு' வரைக்கும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஐந்து நாள் சோபாவை விட்டு அசையவில்லை. தொடையிலிருந்து முழங்காலுக்குப் பின்புறம் வரைக்கும் கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கன்றியிருந்தது. எனக்குக் காட்டுவதற்காக மனைவி அதைப் படம் எடுத்தாள். படம் எப்படியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அரை மணி நேரத்தில் மஞ்சள், புளி, உப்பு என்று ஒரு முழுக் குழம்புக்கான சாமான்களை என் தொடையில் பூசச் சொல்லிவிட்டார்கள்.

ஆறாம் நாள் கெண்டைக்கால் வீங்கியது. மைத்துனன் காரோடு வந்து நின்றான்.

"ரத்தம் கட்டிருக்கு மச்சான். ஆயர் தாவார்ல ஊருட் பண்றவரு ஒருத்தரு இருக்காரு. நல்லா அமுக்கிவிட்டா எறங்கிரும். வாங்க போலாம்."

"ஆஸ்பத்திரி?"

"அங்க போய் மணிக்கணக்கா உக்காரணும்லா."

ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது அந்த வீடு. வெளியே வந்தவருக்கு என்னைவிட வயது குறைவு. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பு பிடித்துவிடுவது என்று சொன்னார். எண்ணெயும் மந்திரமுமாக ஓர் ஆசாமியை எதிர்பார்த்து, அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்க வழி முழுவதும் வசனம் தயாரித்து வந்திருந்தேன். அவர் எண்ணெயைத் தொடவே இல்லை. இரண்டு கால்களையும் அருகருகே வைக்கச் சொல்லிப் பார்த்தார். வீங்கிய காலில் புறங்கையை லேசாக வைத்து எடுத்தார்.

"சூடா இருக்கு. மூச்சு விட சிரமமா இருக்காண்ணே?"

"இல்லையே."

"அப்ப இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் கை வைக்க மாட்டேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டோம்," என்றான் மைத்துனன். "லேசா அமுக்கி விடுங்களேன்."

"லேசாவும் மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஒரு தமிழ் டாக்டர், சின்னப் பெண், முழங்காலின் பின்புறம் பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்தாள்.

"அங்கிள், தொடைக்குப் பின்னால மூணு தசை இருக்கு. உக்கார்ற எலும்புல ஆரம்பிச்சு முட்டிக்குக் கீழ வரைக்கும் வரும். அதுல ஒண்ணுதான் கிழிஞ்சிருக்கு. முட்டிய மடக்கினா ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி தட்டுப்படுதுல்ல, அது அந்தத் தசைங்களோட நுனி. நடுவுல இருக்கிற குழிக்குள்ளதான் பெரிய ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் போகுது."

நரம்பு என்றதும் மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நரம்பு நல்லா இருக்கு. ரத்தக்குழாய்லதான் ரத்தம் உறைஞ்சிருக்கு. காலை ஆட்டாம அசைக்காம வச்சிருந்தீங்களா?"

"ஓய்வு எடுக்கச் சொன்னாங்க," என்றேன்.

"யாராச்சும் அமுக்கினாங்களா? அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனா ஆபத்து."

"இல்ல."

"ரத்தம் கட்டிருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்லா," என்றான் மைத்துனன். டாக்டர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதினாள்.

மூன்று மாதம் ரத்தத்தை இளக்கும் மாத்திரை. கூடவே உடற்பயிற்சி: குப்புறப் படுத்துக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்க வேண்டும், நீட்ட வேண்டும். முதல் வாரம் பத்து தடவை மடக்குவதற்குள் வியர்த்தது. நாற்பத்தொன்பது வருடமாகச் சம்பளமில்லாமல் என்னைச் சுமந்த தசைகளோடு அப்போதுதான் அறிமுகம்.

மாத்திரை முடிந்த வாரம் மைத்துனனை அழைத்துக்கொண்டு ஆயர் தாவாருக்குப் போனேன். அவர் எங்களை உட்கார வைத்து, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

"எப்படிங்க பார்த்ததும் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எங்க அக்காவுக்குப் பிள்ளை பொறந்த மறுவாரம் இப்படித்தான் ஒரு கால் மட்டும் வீங்கிச்சு," என்றார். "வலிக்குதுன்னு சொன்னாங்க. நான்தான் எண்ணெய் போட்டுப் பிடிச்சுவிட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே மூச்சுத் திணறிப் போயிட்டாங்க."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "குடிங்கண்ணே, ஆறுது," என்றார்.