வர வேண்டாம் என்றேன்

ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்புப் பிரிவில் வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது முழங்கை வரை அலுமினியப் பவுடர் வெள்ளியாய்ப் படிந்திருக்கும். நான் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

கொரோனாவைப் பற்றி டிவியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மாசி மாதத்தில் ஒருநாள் அவள் வந்து, கதவைச் சாத்தச் சொன்னாள். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. மறுநாளே எங்கள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மதுரையில் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் போகிறேன் என்றாள். பரீட்சைக்கு முன்பே ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது.

எங்கள் பெண்கள் வார்டைக் காலி செய்து கொரோனா வார்டாக்கினார்கள். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேருக்குத் தொற்று. வீட்டில் நான் தனி அறை, தனித் தட்டு என்று இருந்தேன். அப்போதுதான் அவள் ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று, ஆஸ்பத்திரி வண்டியிலாவது மதுரைக்குப் போக முடியுமா என்று கேட்டாள்.

“இப்ப வராத தாயி. அங்கன வந்தா இல்லாத நோயும் ஒட்டிக்கிரும். ரெண்டு மாசத்துல ஒண்ணும் ஆயிராது. இது அடங்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

சரிக்கா என்று போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் அது அடங்கவில்லை. கம்பெனிகள் திறந்து தீபாவளி ஆர்டர் வந்ததும் அவள் வேலைக்குப் போனாள். பஸ் ஓடத் தொடங்கியபின் நானே கூப்பிட்டேன். இப்போது அவள் வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும், அந்த வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனதையும், அவர் உடல்கூட வீடு திரும்பாததையும் அவள் பார்த்திருந்தாள். எதற்குப் போனாலும் மூக்கில் குச்சியை விட்டு அந்த வார்டில் போட்டுவிடுவார்கள் என்றாள். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். வீடு வந்ததும் எங்காவது படுத்தால் போதும் என்றிருந்த நாட்கள் அவை.

இரண்டாவது அலையும் ஓய்ந்தபின் அவளே வந்தாள். மார்பில் பழந்துணியை மடித்து வைத்துக் கட்டியிருந்தாள். துணியை எடுத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தோல் உடைந்திருந்தது. அக்குளிலும் கட்டி.

பழைய சீட்டைப் பார்த்த டாக்டருக்குக் கோபம். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“வேலை இருந்துச்சு சார்,” என்றாள்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்களும் பயந்துதானக்கா இருந்தீக. அதைப் போயி அவுக முன்னால சொல்லவா?”

மதுரையில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. அடுத்த ஆடிக்குள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் முடிந்து அவள் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார். ஆரம்பத்திலேயே நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்கள், இவள்தான் பிடிவாதம் பிடித்துக் கெடுத்துக்கொண்டாள் என்றார். அவள் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

நான் வாயைத் திறந்தேன். “காப்பி குடிக்கிறீகளா?” என்றுதான் வந்தது. இன்றைக்கும் தெருவில் என்னைப் பார்த்தால் அவர் சைக்கிளை நிறுத்தி இறங்கி, நலம் விசாரித்துவிட்டுப் போகிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.