சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு மாதம்

மலாயாவின் சிகாமட்டில் ஜப்பான்காரர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டில் என்னை மறுபடியும் புரொபேஷனில், தகுதிகாண் காலத்தில், போட்டார்கள். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஆங்கிலப் பள்ளியில் பதினோரு வருடம் கணக்குக் கற்பித்திருந்தேன். முதல் புரொபேஷனை இளம் வயதிலேயே முடித்து, வேலை உறுதியான கடிதத்தைத் தகரப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன்.

ஆசிரியர்கள் எல்லோரும் பிற்பகலில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகவேண்டும். மாதக் கடைசியில் பரீட்சை. எழுத்துக்கு ஐம்பது, வாய்மொழிக்கு ஐம்பது. விதிகளைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் அவற்றை என் டைரியில் படி எடுத்தேன். மொத்தம் அறுபதுக்குக் குறைந்தவரின் பெயர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போகும். ஒரு மாதம் புரொபேஷன், வகுப்பில் கடைசி வாங்குப் பலகையில் உட்காரவேண்டும். அடுத்த மாதமும் தவறினால் நீக்கம். அதற்கு மேல் விதியில் எதுவும் இல்லை. வேலையில்லாத ஆண்களின் பெயர் சயாம் ரயில் பாதை போடும் ஆள்பட்டியலில் ஏறும் என்பதை யாரும் எழுதி ஒட்டவேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

எனக்கு எழுத்தில் நாற்பத்தேழு. வாய்மொழியில் பத்து.

பரீட்சை வைத்தவர் மரியாதையான மனிதர். கேள்வி கேட்டுவிட்டுப் பென்சிலால் மேசையில் மூன்று முறை தட்டுவார். அதற்குள் பதில் வராவிட்டால் வாய்மொழி அங்கேயே முடிந்தது. முதல் கேள்வி பெயர், சொன்னேன். இரண்டாவது, உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?

ஜப்பான் சண்டைக்குச் சில மாதங்கள் முன்பு, மைத்துனியின் கல்யாணத்துக்காக மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றியிருந்தேன். கடைசிக் கடிதத்தில், சின்னவளுக்குக் காய்ச்சல், இன்னும் இறங்கவில்லை என்று மனைவி எழுதியிருந்தாள். அதன்பின் பதினெட்டு மாதம் எதுவும் வரவில்லை. நான்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் காய்ச்சல் குறுக்கே வந்தது. தெரியாததை எண்ணாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மூன்று தட்டும் முடிந்துவிட்டது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எனக்குப் பழக்கம். யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், எதற்கும் சிரிப்பவர். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"அலமாக், மாஸ்டர்! நாலுன்னு சொல்லிட்டு வர்றதுக்கு என்ன? அவரு கப்பல் ஏறிப் போயி எண்ணிப் பாக்கப் போறாரா?"

"நாலோ எண்டு எனக்குத் தெரியாது."

அவர் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி, நாலு வேணாம். நாலுன்னா அப்புறம் ஒவ்வொருத்தரப் பத்தியும் கேப்பாரு. ஒண்ணுன்னு சொல்லிடுங்க. ஒண்ணுக்கு மேல கேள்வி இல்ல லா."

"அதெப்பிடிச் சொல்லுறது?"

"உங்க வீட்டுல இப்ப எத்தன தட்டு கழுவுறீங்க? ஒண்ணுதானே? கணக்கு வாத்தியாருக்கு இதையும் நானே சொல்லித் தரணுமா?"

அந்த மாதம் கடைசி வாங்கில் நான் ஒருவன்தான். முன்னாலிருந்த முதுகுகளை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டேன். வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வேகும்வரை அடுப்படியில் நின்று உரக்கப் பயிற்சி செய்தேன். என் குடும்பத்தில் நான்கு பேர். மகன் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். அங்கே நிறுத்தி, இல்லை, இப்போது நான்காம் வகுப்பாக இருக்கவேண்டும் என்று திருத்தினேன். மகள் என்று தொடங்கும் வாக்கியத்தை ஒரு நாளும் முடிக்க முடியவில்லை. அந்த வீட்டில் வேறு குரல் இல்லாததால், நிறுத்திய இடம் நன்றாகக் கேட்டது.

பரீட்சை நாளில் அதே மனிதர், அதே பென்சில். பெயரைச் சொன்னேன். அடுத்து அதே கேள்வி. முதல் தட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது.

"ஹித்தோரி," என்றேன். ஒருவர்.

அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். மேலே எதுவும் கேட்காமல் மழையையும் ரயில் நேரத்தையும் பற்றிய கேள்விகளுக்குப் போனார். எல்லாவற்றுக்கும் தடங்கலின்றிப் பதில் சொன்னேன். மறுநாள் என் பெயர் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தது.

"நான் சொன்னேன்ல மாஸ்டர்?" என்று நண்பர் முதுகில் தட்டினார். கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அன்றைய டைரியில் எழுத்து நாற்பத்தெட்டு, வாய்மொழி நாற்பத்தைந்து, புரொபேஷன் நீங்கியது என்று எழுதினேன். கேள்விகளையும் என் பதில்களையும் ஒவ்வொரு மாதமும் எழுதுவது வழக்கம். அந்த மாதம் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

சண்டை முடிந்த மறுவருடம் மனைவி வந்தாள், இரண்டு பிள்ளைகளோடும். சின்னவள் என்னைவிட வேகமாகப் படியேறினாள். கோட்டுக்குக் கீழே இருந்த மாதத்திலும் நாங்கள் நான்கு பேராகவே இருந்திருக்கிறோம்.

தான் இல்லாத காலத்தைத் தெரிந்துகொள்ள மனைவி என் டைரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இதில மட்டும் ஏன் ஒண்டும் எழுதேல்லை? என்ன கேட்டவங்கள்?"

"ஒரு எண்ணிக்கை கேட்டவங்கள்."

"சரியாச் சொன்னியளே?"

"ஓம். அந்தக் கேள்விக்கு முழு மார்க்."

அவள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.