இரண்டாவது ரசம்

திருநெல்வேலி ஜங்ஷனில் பிள்ளை ஓட்டல் என்றால் குற்றாலிங்கம் பிள்ளை நடத்திய சைவச் சாப்பாட்டுக்கடைதான். பெயர்ப்பலகையில் வேறு ஏதோ நீளமாக எழுதியிருக்கும், யாரும் படித்ததில்லை. கல்லாவில் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் நாலு பேர் உட்காரும் மேஜைகள். வயிறு போதும் என்கிற வரை போடுவார்கள். பக்கத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த எனக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். என்னைப்போல் ருசி தெரிந்த நாக்கு ஜங்ஷனில் கிடையாது என்பது என் அபிப்பிராயம். மற்றவர்களின் அபிப்பிராயத்தை நான் கேட்டதில்லை.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூட்ட நேரத்தில், சாப்பிடுகிற ஒருவனுடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால், அவன் எழுந்ததும் அந்த இடம் உங்களுக்கு. தாசில்தாரே வந்தாலும் அதை மாற்ற முடியாது. விவரமானவன் மோருக்கு வந்துவிட்ட ஆளாகப் பார்த்து நிற்பான். சாம்பாரில் இருக்கிறவன் பின்னால் போய் நின்றால் அவன் வெளியூர்க்காரன்.

எமர்ஜென்சி முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும், ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டருக்கு உலகம்மாள் மாற்றலாகி வந்தாள். விக்கிரமசிங்கபுரத்துக்காரி. முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மத்தியானம் பிள்ளை ஓட்டலுக்கு வந்துவிடுவாள். ஒரு பொம்பளை ஏன் தினமும் ஓட்டலில் சாப்பிட வேண்டும் என்று ஊருக்கு ஒரே அரிப்பு. கேட்டே விட்டார்கள். சமைக்கத் தெரியும், பிடிக்காது என்று சொல்லிவிட்டாள். தெரியாது என்றிருந்தால் ஊர் மன்னித்திருக்கும்.

முதலில் அவளைக் குடும்ப அறையில்தான் உட்கார வைத்தார்கள். குடும்ப அறை என்பது பலகைத் தடுப்பு, ஒரு திரை, கடகடவென்று ஆடும் ஒரு விசிறி. அங்கேயும் நாலு பேர் மேஜைதான். கோர்ட்டுக்கும் ஜவுளிக்கும் வருகிற குடும்பங்கள், தனியாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிற மேஜையில் சேர்ந்து உட்காராமல் திரைக்கு வெளியே நின்று முணுமுணுத்தன. பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. பார்சல் கட்டித் தருகிறேன், அறையிலேயே வைத்துச் சாப்பிடலாமே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

"பார்சல்ல ரெண்டாவது ரசம் வருமா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

அந்த ஓட்டலில் சாப்பிட்டவனுக்குத்தான் இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். முதல் ரசம் சோற்றுக்கு. இரண்டாவது ரசம், உள்ளங்கையைக் குழித்துக் கொதிக்கக் கொதிக்க வாங்கிக் குடிக்க. மிளகும் பூண்டும் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, அப்பாடா என்று ஒரு மூச்சு வரும் பாருங்கள், அதற்குத்தான் நாங்கள் காசு கொடுத்தோம். பொட்டலத்தில் கட்டினால் அது வெறும் புளித்தண்ணீர். பிள்ளைக்கும் இது தெரியும். அதனால் பார்சல் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

மறுநாள் அவள் குடும்ப அறைப் பக்கமே போகவில்லை. நேராகப் பொதுக்கூடத்துக்கு வந்து ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

சர்வர் மாசானம் ஓடி வந்து, குடும்ப அறையில் இடம் இருக்கிறது என்று கையைக் காட்டினான். இவர் எழுந்ததும் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள் அவள். எனக்குள் இருக்கிற வக்கிரம் சும்மா இருக்குமா? எத்தனை நேரம்தான் நிற்கிறாள் பார்ப்போம் என்று, மோருக்கு வந்திருந்தவன் மறுபடியும் சோறு கேட்டேன். வத்தக்குழம்பு கேட்டேன். அப்பளத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கித் தின்றேன். கூடம் முழுக்க என் இலையையே பார்த்தது.

"நிதானமாச் சாப்பிடுங்க அண்ணாச்சி. வயிறு ஒங்களுதுதான?" என்றாள் பின்னாலிருந்து.

எதிரே இருந்தவன் சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அவள் உட்கார்ந்தாள். அதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால், அங்கேதான் ஆரம்பித்தது. அந்த மேஜையில் இருந்த மூன்று பேரும் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். அந்த மூன்று இடத்திலும் யாரும் உட்காரவில்லை. ஒரு பெண்ணுக்கு எதிரே எப்படி உட்கார்ந்து உறிஞ்சிச் சாப்பிடுவது? பசியோடு சுவரோரம் நிற்கிறான்கள், கண்ணெதிரே காலி நாற்காலி கிடக்கிறது. தினமும் இதே கதை. நானும் நின்றேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், எல்லாரும் நிற்கும்போது நான் மட்டும் என்ன பெரிய சூரனா?

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த பிள்ளை, ஒரு நாள் அவள் கை கழுவிவிட்டு வரும்போது கல்லாவில் நிறுத்தினார்.

"ஏம்மா, ஒனக்கு ஒரு இலை போட்டா எனக்கு மூணு இலை போவுது. நாளைக்கும் அந்த நாற்காலியெல்லாம் காலியாக் கெடந்துதுன்னா, பெறவு ஒனக்கு டோக்கன் கெடையாது. சொல்லிட்டேன்."

"உக்காராதவங்கள வச்சுக்கிட்டு, உக்காந்தவள வெரட்டுதியளே, இது என்ன நாயம்?"

"நாயம் என்ன நாயம். எங்க வீட்டுக்காரியே இந்தக் கூடத்துல உக்காந்து ஒருநாள் சாப்பிட்டதில்ல, தெரியுமா?"

"நீங்க கூப்பிட்டுப் பாத்தியளா?"

பிள்ளை சில்லறையை எடுத்து எண்ணுகிற மாதிரி பாவனை செய்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வக்கிரம் பிடித்தவன்தான், ஆனால் ருசி தெரிந்த ஒரு ஆத்மாவை ரசத்திலிருந்து பிரிப்பது பாவம் என்று பட்டது. ஆனாலும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் கூட்டமான கூட்டம், முகூர்த்த நாள் வேறு. உலகம்மாள் டோக்கன் வாங்கினாள், ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், உட்கார்ந்தாள். வழக்கம்போல மற்ற மூன்று இடமும் காலியானது. வழக்கம்போல நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்றோம். பிள்ளை கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டி அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசானம் இலையைப் போட்டு, சோற்றையும் போட்டான். அவள் சோற்றில் கை வைக்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"அடுத்து வாங்க" என்றாள்.

கத்தவில்லை. ஆனால் அது சாதாரணக் குரல் இல்லை, கவுண்டர் குரல். அந்த டிக்கெட் ஜன்னல் ஓட்டைக்கு முன்னால் குனிந்து அந்தக் குரலைக் கேட்காதவன் ஜங்ஷனில் எவன் இருக்கிறான்? அந்தச் சத்தம் வந்தால் நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான், ரயில் போய்விடும். வரிசையில் முதலில் நின்றது நான். என் கால் என்னிடம் கேட்கவே இல்லை. போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

"அடுத்து" என்றாள் மறுபடியும். ஒரு வாத்தியார் வந்தார். "நிக்காதிய, அடுத்து." ஒரு லாரிக்காரன் வந்தான். மேஜை நிறைந்தது. அதற்கப்புறம்தான் அவள் சோற்றைப் பிசைந்தாள். இரண்டாவது ரசம் வந்தபோது நாலு பேரும் உள்ளங்கையை நீட்டி உறிஞ்சினோம். அவள் உறிஞ்சின சத்தம் எங்கள் எல்லாரையும் தூக்கி அடித்தது. அதோடு எனக்கு இருந்த கூச்சமும் போயிற்று. பிள்ளை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிறகு அவள் கூப்பிட வேண்டியே வரவில்லை. அவள் மேஜையில் பேச்சு சுவாரஸ்யமாக இருக்கும் என்று தேடி வந்து உட்காருகிறவர்கள் உண்டு. கல்யாணப் பேச்சோடு வந்தவர்களிடம் சமையல் விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள். யாரும் இரண்டாம் தடவை வரவில்லை. அதற்காக அவள் ஒரு கவளம் குறைத்துச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை.

கல்லாவில் நடந்த பேச்சை நான் என் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி வாயில் எதுவும் தங்காது. அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் பிள்ளையின் மனைவி பிச்சம்மாளிடம், நீங்கள் கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று உலகம்மாள் கேட்டதையும், பிள்ளை சில்லறை எண்ணினதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். பிச்சம்மாள் கேட்டுவிட்டுப் பிரகாரம் சுற்றப் போய்விட்டாளாம்.

இரண்டு மூன்று நாள் கழித்து, சரியான கூட்ட நேரத்தில், டோக்கன் வரிசையில் பிச்சம்மாள் நின்றாள். காதில் பாம்படம், நெற்றி நிறையத் திருநீறு. முறை வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை மேஜைமேல் வைத்தாள். பிள்ளை பேயறைந்தவர் மாதிரி பார்த்தார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பதறிக் கேட்டார்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. ஒரு சாப்பாடு குடுங்க" என்றாள் பிச்சம்மாள்.

பின்னால் இருந்தவன் சீக்கிரம் என்று முனகினான். பிள்ளை டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார்.

அவள் கூடத்துக்குள் வந்து ஒரு நிமிஷம் திகைத்து நின்றாள். எத்தனை வருஷமாகத் தன் வீட்டுக்குச் சோறு போடுகிற கடை, அதன் மேஜைகளை அவள் அன்றுதான் பார்க்கிறாள். உலகம்மாளுக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். மெல்ல நடந்து வந்து உலகம்மாளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். உலகம்மாளுக்கு அப்போதுதான் முதல் ரசம் வந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். மோரும் கேட்கவில்லை, இரண்டாவது ரசமும் கேட்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தாள். அவள் இரண்டாவது ரசத்தை விட்டு எழுந்ததை அன்று ஒருநாள்தான் பார்த்திருக்கிறேன்.

"வாங்க மதினி. ஒக்காருங்க."

பிச்சம்மாள் எனக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். மாசானம் அவளையே பார்த்துக்கொண்டு அவியலை இலைக்கு வெளியே போட்டான். இரண்டாவது ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள், ஒரு கணம் யோசித்தாள், இன்னொரு தடவை வாங்கிக் குடித்தாள். கையைக் கழுவிவிட்டுக் கல்லாவுக்குப் போனாள். கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"ரசத்துல உப்பு பத்தல" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அத்தனை நாளும் என் நாக்குக்கு அது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் உப்பு சரியாக இருந்தது.