கொடியில் ஒரு சின்னப் பாவாடை

எனக்குச் சந்தேக புத்தி என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். திரியட்டும். வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவளுக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். அதற்குப் பெயர் சந்தேகம் என்றால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் காலரா வந்தது. அடுத்தடுத்து ஆட்கள் சாகவும் சந்தையை மூடினார்கள், டீக்கடையை மூடினார்கள், பொதுக்கிணற்றில் மருந்துத் தூளைக் கொட்டித் தண்ணீர் எடுக்கக்கூடாது என்றார்கள். ஊசி போட்ட சீட்டு இல்லாமல் ரயிலேற முடியாது. நாலு வயதான என் மகளை மீஞ்சூரில் அக்கா வீட்டில் விட்டேன். எதிர்வீட்டுக்காரி தன் மகளைத் திருவாலங்காட்டில் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். ஊர்த் தலைவரும் தன் மகளைத் திருவள்ளூருக்கு அனுப்பினார். அவர் வீட்டுக்கு நான் ஊற்றும் பால் அன்றிலிருந்து ஒரு படியிலிருந்து முக்கால் படியாகக் குறைந்தது.

ஒரு மாதம் ஓடியது. எருமையின் மடியில் கை வைத்தால் போதும், மகள் ஞாபகம் வந்து அழுகை முட்டும். எப்போது கூட்டி வரலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, தொழிற்பேட்டைக்கு அடிக்கல் நாட்டப் பட்டணத்திலிருந்து பெரிய ஆள் வருகிறார் என்ற பேச்சு கிளம்பியது. மூன்றாம் நாளே தலைவர் ஜட்கா வண்டியில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்துவிட்டார்.

"காலரா ஓடிப்பூட்ச்சி! சந்தை உண்டு, கடை உண்டு, கெணத்துல தண்ணி மொண்டுக்கலாம்! வெளியூர்ல வுட்ட கொயந்தைங்கள எல்லாம் கூட்டியாந்து அடிக்கல் நாட்டுற வியாவுக்குக் குடும்பத்தோட வாங்க!"

அடேயப்பா! நேற்றுவரை விஷமாக இருந்த கிணறு, பெரிய மனிதர் வருகிறார் என்றதும் அமிர்தமாகிவிட்டதா?

"தலைவரே சொல்லிட்டாரு. இன்னும் இன்னாமே ஒனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவுரு பொண்ணு வந்துட்ச்சா? மொதல்ல அது வரட்டும். அப்பால நம்ம பொண்ணு வரும்."

தெருவில் நின்று, நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னேன். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாள் சாயங்காலம் தலைவர் வீட்டுக் கொடியில் ஒரு சின்ன சிவப்புப் பாவாடை தொங்கியது. பின்கட்டுக் கொடிதான், ஆனாலும் வேலிக்கு மேலாகத் தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. மறுநாள் விடிவதற்கு முன்பே மீஞ்சூருக்குப் போகச் சொல்லி வீட்டுக்காரரை நானே விரட்டினேன்.

"இன்னாண்ணே, இருட்டோட கெளம்பிட்டே?" என்று எதிர்வீட்டுக்காரி வாசல் தெளித்துக்கொண்டே கேட்டாள்.

"பொண்ண கூட்டியாரத்துக்கும்மா" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

நான் பால் தூக்குடன் தலைவர் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். "பாப்பா வந்துட்ச்சேக்கா, ஒரு படி ஊத்தட்டா?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"வாணாம். அது இப்போ பாலு குடிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் எடுக்க உள்ளே போனாள்.

பாலில்லாமல் தூங்காத குழந்தை ஒரே மாதத்தில் பாலை மறந்துவிட்டதாம்! கொடியைப் பார்த்தேன். இன்றைக்குப் பச்சைப் பாவாடை. தொட்டேன். துளி ஈரமில்லை. பெட்டியில் மடித்து வைத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் பாச்சை உருண்டை நாற்றம்.

திரும்பினால் அவர் மனைவி நிற்கிறாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு இன்னும் வர்ல. ஒன் பொண்ணையும் கூட்டியாராத. ஆனா வெளிய சொன்னேன்னா அவுரு என்னக் கொன்னே போட்டுருவாரு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு ஒன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு."

செய்தேன். அந்த நேரத்தில் எனக்கு என் மகளைத் தவிர வேறு யாரும் கண்ணில் தெரியவில்லை. தூக்கை அங்கேயே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். முதல் வண்டி போய்விட்டிருந்தது, அடுத்ததில் ஏறினேன். மீஞ்சூர் பிளாட்பாரத்தில் அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், பக்கத்தில் அக்கா. குழந்தை என்னைப் பார்த்ததும் தாவி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. முத்தம் கொடுத்துவிட்டு, கையைப் பிரித்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். அது கதறிய கதறல் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

"பைத்தியமாடீ ஒனக்கு?" என்று கத்தினார் அவர்.

"கெட்ட கனா கண்டேன்" என்றேன். சத்தியம் செய்தவள் வேறென்ன சொல்ல முடியும்? வழியெல்லாம் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டு வாசலில் அவள் மகள் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள்.

"எங்கமே ஒன் பொண்ணு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"லேசா காச்சலு. அக்கா அனுப்பல."

"அய்யய்யோ, பாத்துக்கமே" என்றாள் உண்மையான கவலையோடு. நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கதவுவரை வந்தேன். என் மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் என்னைத் திரும்ப உட்கார வைத்தது.

விழா தடபுடலாக நடந்தது. ஊரே கிணற்றுத் தண்ணீரில் சமைத்துச் சாப்பிட்டது. நாலாம் நாள் எதிர்வீட்டுக் குழந்தைக்கு வாந்தி கண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே போய்விட்டது.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அந்தாளு மைக்குல கத்தினத நான் நம்பலமே. அவன் பேச்ச எவ நம்புவா? அண்ணன் மீஞ்சூருக்குப் போறேன்னு சொன்னதக் கேட்டுதான் எங்கூட்டுக்காரர அனுப்பினேன். நீயே கூட்டியார சொல்லிட்ட, அப்பால பயமில்லன்னு நெனச்சிக்கினேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.