ஆறுவதற்குள்

ரோலர் ஓட்டுகிறவருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது என்று கேலி பேசுவார்கள். நடந்து போகிற ஆள்கூட அந்த வண்டியை முந்திவிடுவான். ஆனால் அவர் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். விரித்த தார்க்கலவை சூடாக இருக்கும்போதே அழுத்தி முடித்தாக வேண்டும். காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம் ஆறித் தொலைக்கும். நடுவில் நிறுத்தவும் கூடாது. நின்ற இடத்தில் பள்ளம் விழும்.

அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று. அன்றைக்குப் பார்த்துத்தான் மகளும் வந்து நின்றாள்.

ரோடு போகிற இடமெல்லாம் போய், வாடகை அறைகளில் தனியாகவே காலத்தைத் தள்ளியவர் அவர். இந்த வேலை முடிந்தால் ஓய்வு. வீட்டோடு வந்து இருக்கட்டுமா என்று மகளிடம் கேட்க வேண்டும். மனைவியிடம் கேட்கிற தைரியம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போனில் கேட்கவோ வாய் வரவில்லை.

"பஸ் மாறணும்பா. நடுவுல கொஞ்சம் நேரம் இருந்துச்சு, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் மகள், ரோட்டோரம் நின்று.

"நிறுத்த முடியாதும்மா. இரு, வந்துடறேன்" என்றபடியே கடந்து போனார்.

அப்படித்தான் பேச்சு நடந்தது. முன்னே போகும்போது ஒரு வார்த்தை, பின்னே வரும்போது ஒரு வார்த்தை. சாப்பிட்டியா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, வேலை பரவாயில்லையா. கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டார், கோழை மனுஷன்.

அந்தக் கோடியில் ரிவர்ஸ் போடும்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டார். இந்தத் தடவை கேட்டுவிடுவது. வந்தார், வாயைத் திறந்தார். மகள் முந்திக்கொண்டாள்.

"பின்னாடி ரூமை வாடகைக்கு விட்டுட்டோம்பா. நீங்கதான் வரப்போறதில்லையே, சும்மா எதுக்குப் பூட்டிக் கிடக்கணும்னு அம்மா சொன்னாங்க."

"நல்லதும்மா" என்றார். வண்டி அவரை இழுத்துக்கொண்டு போனது. அழுகை வந்தது, இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள். தூரத்திலிருந்து கை காட்டினாள். அவரும் காட்டினார்.

மேஸ்திரி தாரில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "போதும்ணே, ஆறிடுச்சு. இதுக்கு மேல உருட்டினா ஜல்லிதான் உடையும். இறங்குங்க" என்றார்.

அவர் இறங்கவில்லை. இறங்கினால் அறைக்குத்தான் போக வேண்டும்.

"அண்ணே, சொல்றது காதுல விழலையா?"

"விழுது" என்றார். "ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்."