பேச்சியக்கா போடாத கையெழுத்து

கையெழுத்து போடவில்லையே என்று ஒருவர் தேம்பித் தேம்பி அழுது பார்த்திருக்கிறீர்களா? போன புதன்கிழமை, பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் பார்த்தேன்.

அழுதது பேச்சியக்கா. எங்கள் பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சருக்கு இருபது வருஷமாகச் சமைத்துப் போட்டவர். கடைசி மூன்று வருஷம் பாத்ரூம் வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போனதும் அவர்தான். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டீச்சர் வீட்டுப் பின்கட்டுதான் பேச்சியக்காவுக்கு ஜாகை. வேறு போக்கிடம் கிடையாது.

இரண்டு மாதம் முன்பு டீச்சர் காலமானார். அடக்கம் முடிந்த மறுநாளே, பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் டேவிட், “வீட்டை விக்கப் போறோம், வேற இடம் பார்த்துக்கோங்க” என்று பேச்சியக்காவிடம் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் வீடு என்று வந்துவிட்டால்... உங்களுக்குத் தெரியாததா?

டீச்சர் உயில் எழுதியிருப்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அதில் முதல் சாட்சியே நான்தான்!

அது நடந்து ஆறு வருஷம் இருக்கும். வக்கீல் டைப் செய்து கொடுத்த உயிலை டீச்சர் வீட்டுக்கு எடுத்து வந்து, என்னைக் கூப்பிட்டார். விஷயத்தை மட்டும் காட்டவில்லை. சர்ச் பாட்டுப் புத்தகத்தால் மேலே மூடிவிட்டு, கையெழுத்து போடும் இடத்தை மட்டும் காட்டினார். வாத்தியாரம்மா இல்லையா... பக்கத்துப் பெஞ்சு பார்த்துவிடக் கூடாதே!

இரண்டாவது சாட்சியாக வருவதாகச் சொன்ன தோழி வரவில்லை. அடுக்களையிலிருந்து பேச்சியக்கா ஆசையாக வந்தார்.

“நான் போடுதேன் டீச்சர். இப்ப நல்லா எழுத வருது.”

“ஏட்டி, நீ போடக் கூடாது. கடைக்குப் போயி சுக்கு வாங்கிட்டு வா, போ” என்றார் டீச்சர்.

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்க அப்பா உயில்ல எங்க அண்ணனே சாட்சி, டீச்சர். பேச்சியக்கா போட்டா என்ன?” என்று வக்காலத்து வாங்கினேன்.

“சும்மா இருங்க தம்பி” என்று என் வாயையும் அடைத்துவிட்டார்.

கடைசியில் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ண பேட்டையிலிருந்து வந்திருந்த மெக்கானிக்கை! கிரீஸ் கையோடு அவர் வந்து நிற்க, எங்கள் இருவர் முன்னாலும் டீச்சர் கையெழுத்து போட்டார். பிறகு நாங்கள் போட்டோம். சுக்கோடு திரும்பி வந்த பேச்சியக்கா அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. முன்பின் தெரியாத ஆள் போடலாம், கூடவே கிடந்தவர் போடக் கூடாதா? டீச்சர் மேல் எனக்கே கோபம்தான்.

புதன்கிழமை வக்கீல் எங்கள் மூவரையும் வரச் சொல்லி, டீச்சர் அன்றே ஒட்டிக் கொடுத்திருந்த உயில் கவரைப் பிரித்து வாசித்தார். வீடும் மனையும் பேச்சியம்மாளுக்கு. மற்றதெல்லாம் டேவிட்டுக்கு.

நான் மூச்சு விடுவதற்குள் வக்கீல் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“ரெண்டாவது சாட்சி யாரு? பேரு மேல ஒரே கறையா இருக்கே...”

“வேற யாரு? பேச்சியாத்தான் இருக்கும். வீட்ல அவங்கதானே இருந்தாங்க” என்றார் டேவிட்.

வக்கீல் முகம் மாறியது. “ஏம்மா, இது உன் கையெழுத்தா?”

பேச்சியக்கா உடைந்து போனார். “இல்லய்யா... டீச்சர் என்னைய போட விடல்லய்யா. கடைக்குப் போன்னு தொரத்திட்டாவ.” கையெழுத்து போடாததால் வீடு போயிற்று என்று நினைத்துவிட்டார், பாவம்.

“அது பேட்டை மெக்கானிக். கறை கிரீஸ்” என்றேன் நான் அவசரமாக.

வக்கீல் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “பொழச்சே, தாயி! கிறிஸ்தவங்க உயில்ல, சொத்து வாங்குதவங்களே சாட்சி போட்டா அவங்களுக்கு எழுதுனது செல்லாது. உயில் எழுதும்போதே டீச்சர்ட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீ மட்டும் போட்டிருந்தா வீடு டேவிட் தம்பிக்குத்தான்.”

“எங்க அப்பா உயில்ல சொத்து வாங்குன அண்ணனே சாட்சி போட்டிருக்காரே...” என்று இழுத்தேன்.

“அது இந்து உயில், அண்ணாச்சி. அதுக்கு இந்தச் சட்டம் இல்ல.”

அன்று டீச்சர் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால்? காரணத்தைச் சொன்னால் உயிலில் இருப்பது வெளியே வந்துவிடும். அதனால்தான் வாயைத் திறக்காமல் கெட்ட பேரை வாங்கிக்கொண்டார். ஆறு வருஷம்!

பேச்சியக்கா கண்ணைத் துடைத்தார். வீட்டைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், “அப்போ டீச்சர் என்னைய வேத்தாளா நெனைக்கலயா?” என்றார். டேவிட்தான், “இல்லக்கா. அத்தை முடிவு பண்ணிட்டாங்க, நான் குறுக்க வரமாட்டேன்” என்றார். நான்தான் சொன்னேனே, நல்ல மனிதர் என்று! மெக்கானிக்கையும் போனில் பிடித்தோம். கையெழுத்து தன்னுடையதுதான் என்று அவரும் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் நிம்மதியாக மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரே ஒரு குறை. டீச்சர் வீட்டுத் தேக்கு ஈஸி சேர் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அதுவும் டேவிட்டுக்கே போய்விட்டது.

எத்தனையோ பேர் இருக்க, என்னை முதல் சாட்சியாகக் கூப்பிட்டாரே என்று ஆறு வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் எழுதவில்லை என்பது அன்றைக்கே புரிந்திருக்க வேண்டாமா?